ரெண்டு பேருக்குத் தாராளம்

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்."

"இங்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை பழவேற்காடு போலாம்னு சொன்னேளே, அங்க வெச்சுக் கேக்கறேன்."

"ஏன், இங்க கேட்டா என்ன?"

"இந்த ஆத்துல எங்க நின்னு கேக்கறது? ஹால்ல உங்க சித்தப்பா, ரேழில உங்க அத்திம்பேர். சமையல் உள்ளுல மட்டும்தான் இன்னும் யாரும் படுத்துக்கலை."

செவ்வாய்க்கிழமை காலை தோசைக்கல்லுக்கு முன்னால் நடந்த இந்தப் பேச்சை, ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் உட்கார்ந்திருந்த ரகுநந்தன் மறுபடியும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். சொல்லும்போது ஹம்ஸா சிரித்தாளா, இல்லையா? நினைவில்லை. தோசை தீய்ந்தது மட்டும் நினைவிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஹம்ஸா ஒரு தோசையைக் கூடத் தீய விட்டதில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வியாழக்கிழமை ஹம்ஸா குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. எடுத்தான்.

"ஹலோ, மேடம்ங்களா?"

"மேடத்தோட ஹஸ்பண்ட்."

"அட, சாரா! நான் தணிகாசலம் சார், ஊடு புரோக்கரு. மேடம் கேட்ட மாதிரியே மணவாள நகர்ல ஒரு ஊடு மாட்டிக்கிச்சு. ஒரு பெட்ரூமு, சின்ன கிச்சன், பின்னாடி துளசி வெக்க எடம். ரெண்டு பேருக்குத் தாராளம்."

"ரெண்டு பேருக்கா?"

"ரெண்டே பேருதான்னு மேடம் கண்டிசனா சொல்லிக்கிறாங்க சார். மூணாவதா ஒருத்தரு வந்து காலை நீட்டிப் படுக்கவே எடம் இருக்கக் கூடாதுன்னாங்க. இப்டி ஒரு பார்ட்டிய நான் பாத்ததே இல்ல. எல்லாரும் பெருசா கேப்பாங்க, இவங்க சிறுசா கேக்கறாங்க. சார்? லைன்ல கீறீங்களா?"

ரகுநந்தன் லைனில்தான் இருந்தான். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஹம்ஸா, மகள் ஸ்ரீப்ரியா, அவன். இதில் இரண்டு பேர் போனால், காலை நீட்டிப் படுக்கக் கூடாத அந்த மூன்றாவது ஆள் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஹம்ஸாவைக் குற்றம் சொல்லவும் அவனால் முடியவில்லை. அவர்கள் வீடு திருவள்ளூர்க் கோயில் குளத்துக்கு மிக அருகில் இருந்தது. அமாவாசைக்கு முந்தின இரவே கோயிலுக்கு ஊர் ஊராக ஜனம் வந்து இறங்கும். அந்த ஜனத்தில் ரகுநந்தனின் உறவுக்காரர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் அவன் வீட்டில் இறங்குவார்கள். பெருமாளைச் சேவித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போகிறவர்களும் உண்டு. போன அமாவாசைக்கு வந்து, வருகிற அமாவாசை வரை தங்குகிறவர்களும் உண்டு. சித்தப்பா இரண்டாம் ரகம். ஹம்ஸா வந்த நாளிலிருந்து இந்தக் கூட்டத்துக்குத் தளிகை பண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நாற்பது வருடமாக ரகுநந்தனின் அம்மா கோமளவல்லி பண்ணிக்கொண்டிருந்தாள்.

'அலுத்துப்போய்விட்டது. கிளம்பப் போகிறாள். அதைக் கேட்கத்தான் கடற்கரை' என்று முடிவுக்கு வந்தான் ரகுநந்தன்.

அவன் கும்மிடிப்பூண்டியில் ஒரு குழாய் தயாரிக்கும் கம்பெனியில் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். எந்தச் சிக்கலையும் அவன் லாரியாகப் பார்ப்பான். லாரி கேட்டுக்கு உள்ளே வந்தால்தானே சரக்கு ஏற்ற வேண்டும்? கேட்டையே திறக்காவிட்டால்? ஹம்ஸா கேட்டால்தானே பதில் சொல்ல வேண்டும்? கேட்கவே விடாவிட்டால்?

முதல் ஏற்பாடாக அன்று மாலையே சொன்னான். "ஹம்ஸா, பழவேற்காட்டுக்கு அப்பா அம்மாவையும் அழைச்சுண்டு போலாமே."

மாமனார் மாமியாரை வைத்துக்கொண்டு அவள் எப்படிக் கேட்பாள்?

ஹம்ஸாவின் முகம் மலர்ந்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன். அவா இருந்தாத்தான் நல்லது."

பெரியவர்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டே கேட்கப் போகிறாளா?

இரண்டாவது ஏற்பாடு ஸ்டீபன். கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், மணவாள நகரில் குடியிருப்பவன், கம்பெனி பஸ்ஸில் பல வருடமாக அவன் பக்கத்து சீட். அவன் மனைவி கிரேஸ் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். ஹம்ஸாவுக்கும் கோமளவல்லிக்கும் அவள்தான் தைத்துக் கொடுப்பாள்.

"ஸ்டீபா, நீயும் கிரேஸும் ஞாயித்துக்கிழமை எங்களோட வரணும். ஆனா ஒரு கண்டிஷன். என்னையும் ஹம்ஸாவையும் ஒரு நிமிஷம் கூடத் தனியா விடக் கூடாது."

ஸ்டீபன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா சார் நீ? பொண்டாட்டியாண்ட தனியா உடாதன்னு சொல்ற மொத ஆளு நீதான் சார்."

"காரணம் கேக்காதே."

"கேக்கல. ஆனா ஒண்ணு. பழவேற்காடு வந்தா நான் நண்டு வாங்குவேன்."

"உன் இஷ்டம்."

அது ஸ்டீபன் இஷ்டமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் தன் மச்சானின் வேனைக் கொண்டுவந்து நிறுத்தியதும் கிரேஸ் சொல்லிவிட்டாள். "சாமிங்க ஒக்காந்து வர வண்டி. நண்டு, எறான்னு எதுனா வாயத் தொறந்த, அங்கியே எறக்கி உட்ருவேன்."

"பழவேற்காடு போய் நண்டு துன்னாம திரும்பறதா?" என்றான் ஸ்டீபன் துக்கத்தோடு.

"ஒரு நாளு துன்னலன்னா கொறஞ்சி பூட மாட்ட."

கோமளவல்லி புளியோதரைத் தூக்கோடு ஏறினாள். அவள் பின்னால் ரகுநந்தனின் அப்பா எம்பார் ஏறினார். கோயில் கோஷ்டியில் காலையும் மாலையும் பாசுரம் சொல்கிறவர் அவர். வார்த்தைகளை எல்லாம் அங்கேயே செலவழித்துவிடுவதால் வீட்டில் பேச அதிகம் மிச்சம் இருக்காது.

அவர்களை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு கிரேஸ் உத்தரவு போட்டாள். "ரகு சாரும் சிஸ்டரும் கடைசி சீட்டு. ஸ்ரீ பாப்பா, நீ வா, என் மடியில ஒக்காரு."

"ஸ்ரீப்ரியா எங்க நடுவுல இருக்கட்டுமே" என்றான் ரகுநந்தன்.

"பின்னாடி ஒக்காந்தா கொயந்த வாந்தி எடுக்கும் சார்."

வேன் கிளம்பியது. தாமரைப்பாக்கம் தாண்டியதும் ஹம்ஸா அவன் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, அன்னிக்கு ஒண்ணு கேக்கணும்னு..."

பாம்ம்ம்!

ஸ்டீபன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஹாரனை அழுத்தியிருந்தான்.

சற்றுப் பொறுத்து ஹம்ஸா மறுபடியும் வாயைத் திறந்தாள். பாம்ம்ம்! பெரியபாளையத்தில் ஒருமுறை. தச்சூர் கூட்டு ரோட்டில் இன்னொரு முறை. பொன்னேரிக்குள் நுழைவதற்குள் ஹம்ஸா கொட்டாவி விட்டால்கூட ஹாரன் அடித்தது.

எம்பார் மெதுவாகக் கேட்டார். "ஏம்ப்பா, எதிர்ல யாரும் இல்லையே?"

"நாயி சார்."

"இத்தனை நாயா?"

"இந்த ரூட்டே பேஜாரு சார். ஒரே நாயி."

கிரேஸ் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்டீபன் அந்தப் பார்வைக்கும் ஒரு ஹாரன் அடித்தான்.

பழவேற்காட்டில் இறங்கியதும் முதலில் பெருமாள் கோயில். சேவித்துவிட்டு வெளியே வந்த ரகுநந்தன் திரும்பிப் பார்த்தபோது, ஹம்ஸாவும் கோமளவல்லியும் தூண் மறைவில் நின்று ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். கோமளவல்லி வேண்டாம் வேண்டாம் என்பது போலத் தலையாட்டினாள். ஹம்ஸா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

'அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா தடுக்கிறாள். இவள் கேட்கவில்லை.'

ஏரிக்கரையில் படகுகள் நின்றன. தொலைவில், தண்ணீர் வற்றிய திட்டில் பூநாரைகள் கூட்டமாக ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தன. "அதுங்க எல்லாம் ஏன் ஒரு காலைத் தூக்கிண்டு நிக்கறதுகள்?" என்று ஸ்ரீப்ரியா கேட்டாள். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. கிரேஸ் ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜோடி ஜோடியா ஏறுங்க! ஐயாவும் அம்மாவும் ஒரு போட்டு. ரகு சாரும் சிஸ்டரும் ஒரு போட்டு. நானு, இவுரு, பாப்பா ஒண்ணு."

"லேடீஸ் ஒண்ணு, ஜென்ட்ஸ் ஒண்ணுன்னு போனா செலவு குறையுமே" என்றான் ரகுநந்தன்.

"வருசத்துல ஒரு நாளு வரீங்க. கஞ்சத்தனம் பண்ணாதீங்க சார்."

முகத்துவாரம் வரை போய்த் திரும்ப முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். நடுத்தண்ணீரில் ஹாரனும் கிடையாது. ரகுநந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ! என்னமோ பண்றதே. நீங்கள்லாம் போயிட்டு வாங்கோ. நான் கரையிலயே இருக்கேன்."

"உங்களைத் தனியா விட்டுட்டா?" என்றாள் ஹம்ஸா. "நானும் இருக்கேன். நீங்க எல்லாரும் போங்கோ."

இது ரகுநந்தன் எதிர்பாராதது. அதற்குள் ஸ்டீபனின் படகு கரையை விட்டு நகர்ந்திருந்தது. கரையில் ரகுவும் ஹம்ஸாவும் மட்டும் நிற்பதை ஸ்டீபன் பார்த்தான். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. படகிலிருந்து குதித்தான்.

"யோவ்! எங்கய்யா போற?" என்று கத்தினாள் கிரேஸ்.

"சாருக்கு ஒடம்பு செரியில்லமே! நான் எப்டி போவேன்?"

"நீ இன்னா அவருக்கு மாமியாரா? பொண்டாட்டி பக்கத்துல கீறாங்கல்ல?"

ஸ்டீபன் அதற்குள் முழங்கால் வரை சேற்றில் புதைந்திருந்தான். ரகுநந்தன் ஓடிப்போய் ஒரு கையைப் பிடித்தான். கரையில் நின்ற படகோட்டி அன்புசெல்வன் இன்னொரு கையைப் பிடித்தான். ஸ்டீபன் வெளியே வந்தான். அவனுடைய வலது கால் செருப்பு வரவில்லை. அதைத் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போனது. ரகுநந்தன் அவ்வளவு அக்கறையாக ஒரு செருப்பைத் தேடி ஹம்ஸா பார்த்ததே இல்லை.

"வயித்துவலி சரியாயிடுத்தா?" என்று கரையில் நின்றபடி கேட்டாள்.

"இருக்கு, இருக்கு. குனிஞ்சா கொஞ்சம் தேவலை."

அந்த நேரத்தில் எம்பாரும் கோமளவல்லியும் போன படகு திரும்பிக்கொண்டிருந்தது. காற்றில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கோமளவல்லி சிரித்துக்கொண்டிருந்தாள். பூநாரையைப் பார்த்து இல்லை, எம்பாரைப் பார்த்து. எம்பார் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், அதுவும் நிறுத்தாமல்.

'பாவம், தண்ணீரைக் கண்டு அம்மா பயந்திருப்பாள். அப்பா தைரியம் சொல்கிறார்' என்று நினைத்துக்கொண்டு ரகுநந்தன் மறுபடியும் சேற்றுக்குள் கையை விட்டான்.

பிறகு பாலத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனார்கள். சவுக்குத் தோப்பு நிழலில் ஜமக்காளம் விரித்தார்கள். எதிரே கடல் பளபளத்தது. கோமளவல்லி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வாங்கம்மா, கால நனச்சிக்கினு வரலாம்" என்று கிரேஸ் கூப்பிட்டாள்.

"இன்னிக்குத் தொடப்படாதும்மா" என்றாள் கோமளவல்லி. "அமாவாசை, பௌர்ணமி மாதிரி பர்வ காலத்துலதான் சமுத்திரத்தைத் தொடலாம். மத்த நாள்ல தூர இருந்து சேவிக்கறதோட சரி."

"இன்னாம்மா இது, கடலுக்கு லீவு நாளெல்லாம் உண்டா? செரி, அமாவாசைக்கு வந்து தொட வேண்டிதுதான்."

"அமாவாசைக்கு நான் எப்படி வருவேன்? ஆத்துல நிறைய மனுஷா இருப்பாளே. யார் தளிகை பண்றது?"

கிரேஸ் யோசித்தாள். "அப்ப தொடலாம்ன்ற நாள்ல உங்களால வர முடியாது. வர முடியற நாள்ல தொடக் கூடாது."

"ஆமாம்" என்று கோமளவல்லி சிரித்தாள். "பொறந்ததுலேருந்து கடல்ல கால் வெச்சதில்லை."

ரகுநந்தனுக்கு இதைக் கேட்டு மனம் என்னவோ போல இருந்தது. அதற்குள் புளியோதரை வாசனை வந்து அந்த மனத்தைக் கலைத்தது. தட்டை நீட்டினான்.

எம்பார் அந்தத் தட்டை வாங்கிக் கீழே வைத்தார். "வயிறு சரியில்லையே. உபவாசம் இரு."

"இப்ப தேவலை அப்பா."

"உபவாசம் இரு."

எல்லாருக்கும் புளியோதரை, மிளகு வடை, தயிர்சாதம், மாவடு. ரகுநந்தனுக்கு ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர். ஸ்டீபன் மூன்றாவது முறை தட்டை நீட்டிவிட்டு, "புளியோதர சூப்பர்மா. இதாண்ட மட்டும் ஒரு நண்டு..." என்று ஆரம்பித்தான். கிரேஸ் அவன் காலை மிதித்தாள். செருப்பில்லாத காலை.

பசி வந்தால் புத்தி வேறு பக்கம் வேலை செய்யும் போலும். தடுப்பதை விட்டுவிட்டு சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்று ரகுநந்தனுக்குத் தோன்றியது. தட்டுகளைக் கழுவப் போன ஹம்ஸாவின் பின்னால் போனான். ஸ்டீபன் அவன் பின்னால் போனான்.

"ஹம்ஸா, பாத்திரம் தேய்க்கற மிஷின் ஒண்ணு வாங்கிடலாம்."

"எதுக்கு? நன்னாத்தானே தேய்ச்சுண்டிருக்கேன்?"

"அமாவாசைக்குத் தளிகைக்கு ஆள் போட்டுடலாம். நான் ஈரத் துண்டைக் கட்டில் மேல போடறதை இன்னியோட நிறுத்திடறேன். குறட்டைக்கு டாக்டரைப் பாக்கறேன்."

ஹம்ஸா தட்டைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு வயித்துவலிதானே? தலைக்கு ஒண்ணும் இல்லையே?"

"உனக்கு என்ன வேணும்னாலும் சொல்லு. ஆனா அதை மட்டும் கேக்காதே."

"எதை?" ஹம்ஸாவின் முகம் வாடியது. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? கேக்கறதுக்கு முன்னாலயே இப்படிச் சொன்னா எப்படி? பாவம், எவ்வளவு நாளா ஆசை தெரியுமா?"

"சிஸ்டர், கொஞ்சம் சோப்பு குட்றீங்களா?" என்று நடுவில் வந்து நின்றான் ஸ்டீபன்.

எவ்வளவு நாளா ஆசை! ரகுநந்தன் நேராக அம்மாவிடம் போனான். இனி அம்மா ஒருத்திதான் கதி. மருமகளிடம் நல்லதாக நாலு வார்த்தை பேசினால் அவள் மனம் மாறலாம்.

"அம்மா, ஹம்ஸா ஒண்ணு கேக்கணும்னு..."

கோமளவல்லியின் கையிலிருந்த கரண்டி மணலில் விழுந்தது. "கேட்டுட்டாளா?"

"உனக்கும் தெரியுமா?"

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் கேக்கலை."

"கேட்டா முடியாதுன்னு சொல்லிடாதேடா." கோமளவல்லி அவன் முகத்தைப் பார்க்காமல் கரண்டியைத் துடைத்தாள். "தெருவுல நாலு பேர் நாலு விதமாப் பேசுவா. பேசட்டும். அதுக்காகச் சொல்லலை."

"உனக்கு வருத்தமா இருக்காதா அம்மா?"

"இல்லாம இருக்குமா? ஆனா மணவாள நகர் என்ன சீமையிலயா இருக்கு? நெனச்சா வந்து பாத்துட்டுப் போறது."

ரகுநந்தன் அப்படியே மணலில் உட்கார்ந்தான். சொந்த அம்மாவே எதிர்க்கட்சிக்குப் போய்விட்டாள். வந்து பாத்துட்டுப் போறதாம்! பெண்டாட்டியையும் பெண்ணையும் அவன் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் காலை நீட்ட இடம் இருக்காது. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். திரும்பி வந்தால் ஹாலில் சித்தப்பா இருப்பார்.

வெயில் தாழ்ந்தது. ஸ்ரீப்ரியா மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். ஹம்ஸா எழுந்து வந்து அவன் முன்னால் நின்றாள்.

"வாங்கோ. கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்."

ரகுநந்தன் கண்ணாலேயே ஸ்டீபனைக் கூப்பிட்டான். ஸ்டீபன் விறைப்பாக எழுந்து நின்றான். அவன் இருக்கும் வரை பயமில்லை.

அப்போதுதான் கிரேஸ் சொன்னாள். "யோவ், அம்மா சொல்லிட்டாங்க. தனியா கட்டி வண்டி மேல வெச்சிக்கினா பரவால்லியாம். அதோ ஒரு ஆயா கூடையில நண்டு வெச்சிருக்கு. போ, போய் வாங்கிக்கோ."

ஸ்டீபன் ரகுநந்தனைப் பார்த்தான். நண்டுக் கூடையைப் பார்த்தான். மறுபடியும் ரகுநந்தனைப் பார்த்தான். பல வருட நட்பு அவன் முகத்தில் போராடியது.

"சார், அஞ்சே நிமிசம் சார்!" என்று சொல்லிவிட்டு ஒற்றைச் செருப்போடு ஓடினான்.

ரகுநந்தனும் ஹம்ஸாவும் அலையோரம் நடந்தார்கள். ஹாரன் இல்லை, சேறு இல்லை, வயிற்றுவலியும் செல்லாது. ஹம்ஸா நின்றாள். தொண்டையைச் சரி செய்துகொண்டாள்.

"ஏன்னா..."

"நானே சொல்லிடறேன்" என்றான் ரகுநந்தன். "எனக்குத் தெரியும். தணிகாசலம் போன் பண்ணினார். மணவாள நகர் வீடு, ஒரு பெட்ரூம், ரெண்டே பேர். நீ சொன்னா உனக்குக் காரணம் இருக்கும் ஹம்ஸா. இத்தனை வருஷம் அந்தக் கூட்டத்துல நீ ஒரு வேளை நிம்மதியா உக்காந்து சாப்பிட்டதில்லை. நான் பாத்துண்டு சும்மாத்தான் இருந்தேன். போகணும்னா போ. ஆனா ரெண்டு பேர்ங்கறதை மட்டும் மூணு பேர்னு மாத்தேன். நான் காலை நீட்ட மாட்டேன். மடக்கிண்டு படுத்துக்கறேன். உக்காந்துண்டே கூடத் தூங்குவேன். என்னை அங்க விட்டுட்டுப் போகாதே."

ஹம்ஸா அவனையே பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்து ரகுநந்தன் கிட்டே போனான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நிற்க முடியாமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அதுக்குத்தான் வயித்துவலியா? அதுக்குத்தான் ஹாரனா?"

"ஸ்டீபன் அளவுக்கு மீறிப் பண்ணிட்டான்."

"அசடு" என்றாள் ஹம்ஸா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களை விட்டுட்டு நான் எங்க போகப் போறேன்? குறட்டைச் சத்தம் கேக்கலேன்னா எனக்குத் தூக்கமே வராது. எனக்கு எங்கயும் போக வேண்டாம்."

ரகுநந்தனுக்குக் காலையிலிருந்து முதல்முறையாகக் கடல் கண்ணில் பட்டது. காற்று சில்லென்று இருந்தது. வயிறு கபகபவென்று பசித்தது. புளியோதரை கொஞ்சமாவது மிச்சம் இருக்குமா என்று யோசிக்கும் அளவுக்கு உலகம் ஒழுங்காகிவிட்டது.

"அப்ப அந்த வீடு?"

"கிரேஸ் தெருவுலதான். அவதான் புரோக்கரைப் பிடிச்சுக் குடுத்தா. நான் வெறும் தூதுதான். காலம்பரலேருந்து கேக்கப் பாக்கறேன், விட்டாத்தானே? இனிமே என்னால முடியாது." ஹம்ஸா திரும்பிக் கையை உயர்த்திக் கூப்பிட்டாள். "அம்மா! நீங்களே வந்து கேட்டுடுங்கோ!"

ரகுநந்தன் திரும்பிப் பார்த்தான். ஜமக்காளத்தில் அப்பாவும் அம்மாவும் இல்லை.

அவர்கள் கடலில் நின்றுகொண்டிருந்தார்கள். கணுக்கால் வரை அலை. அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை. எம்பார் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் கோமளவல்லியின் கை இருந்தது. ஒவ்வொரு அலைக்கும் அவள் சின்னப் பெண் மாதிரி கத்தினாள்.

மகன் பார்ப்பதைக் கண்டதும் எம்பார் கையை விட்டார். "கால்தான் நனைச்சோம்" என்றார் சத்தமாக. "தீர்த்தமாடலை."

கோமளவல்லி ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே வந்தாள். எம்பார் நாலடி பின்னால் வந்து, கடலில் ஏதோ முக்கியமான கப்பல் போவது போல அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கோமளவல்லி ஹம்ஸாவைப் பார்த்தாள். ஹம்ஸா தலையசைத்தாள். கோமளவல்லி தலைப்பு நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள். அம்மாவின் முகம் இப்படிச் சிவந்து ரகுநந்தன் பார்த்ததே இல்லை.

"கல்யாணமாகி வந்த அன்னிக்கே அமாவாசைடா" என்றாள். "அன்னிலேருந்து ஆத்துல கூட்டம்தான். இவரோட உக்காந்து நாலு வார்த்தை பேசினதில்லை. வந்து... நானும் உங்கப்பாவும் தனிக்குடித்தனம் போகட்டுமா?"